பதில் வராத நாற்பத்தொரு தடவை

ஊழியர் எண் பதினேழு. வயது ஐம்பத்துமூன்று. மகிழ்ச்சி: ஏழுக்கு ஒன்று. கவனம்: சிதறுகிறது. பரிந்துரை: தனிமையான பணியிலிருந்து விடுவித்து, முன்கூடத்தில் மக்களோடு பழகும் இருக்கைக்கு மாற்றலாம்.

இதை எழுதிய மகிழ்ச்சி ஆலோசகர் நன்றாகப் படித்தவர். கணக்கில் ஒரு புள்ளிகூடத் தப்பில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

பல் செய்யும் பட்டறை அது. மருத்துவர்கள் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சுக்குப் பொருத்தமாக இங்கே முதலில் மெழுகில் பல் செதுக்குவார்கள். ஜன்னலோர மேசையில் இருபத்தாறு வருஷமாகச் செதுக்குகிறவருக்குக் குறடு என்று பெயர் வைத்திருந்தார்கள். பிடித்தால் விடமாட்டார், வாயைத் திறந்தால் நசுக்குவார். யாரும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. அவரும் யாரையும் கூப்பிட்டதில்லை.

முதலாளி அவருடைய மச்சினன். ஆட்கள் சந்தோஷமாக இருந்தால் வேலை இரட்டிப்பாகும் என்று எங்கேயோ கேட்டுவிட்டு வந்து, எல்லார் கையிலும் ஒரு பட்டையை மாட்டிவிட்டான். ஒரு நாளைக்கு ஆறு தரம், நினைத்த நேரத்தில் அது கிர்ரென்று அதிரும். இந்த நிமிஷம் எவ்வளவு சந்தோஷம் என்று ஒன்றிலிருந்து ஏழுக்குள் ஓர் எண்ணைத் தட்ட வேண்டும்.

முதல் தடவை அதிர்ந்தபோது குறடு ஒரு கடைவாய்ப்பல்லின் பள்ளத்தில் கத்தி முனையை இறக்கியிருந்தார். முனை வழுக்கி, பல் பாதியாகப் பெயர்ந்து விழுந்தது. பூஜ்யத்தைத் தேடினார். இல்லை. ஒன்றைத் தட்டினார்.

பன்னிரண்டு வேலை நாளில் எழுபத்திரண்டு தடவை அதிர்ந்தது. முப்பத்தொரு தடவை ஒன்று. மீதி நாற்பத்தொரு தடவை பதிலே இல்லை. அதைத்தான் ஆலோசகர் ‘கவனம் சிதறுகிறது’ என்று எழுதியிருந்தார்.

முன்கூடம் என்றால் வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். குறடுக்குப் பற்களோடு பகையில்லை. அவற்றை வாயில் வைத்துக்கொண்டு அலைகிற ஆட்களோடுதான். அங்கே போனால் ஒரு மாசம் தாங்கமாட்டோம் என்று அவருக்குத் தெரியும். வீட்டில் இருக்கலாமே என்றால், அதை நினைத்தால் இன்னும் பயம்.

மத்தியானம் ஆலோசகர் காகிதத்தோடு வந்தார். அவர் கையிலும் ஒரு பட்டை இருந்தது. பின்னால் மச்சினன். அக்காவுக்குப் பயந்து, மாமாவின் கையெழுத்து இல்லாமல் மாற்ற அவனுக்குத் துணிச்சலில்லை.

“சார், உங்க நல்லதுக்குத்தான். லீவு நாள்ல டிவி பாக்கும்போது அஞ்சு போட்டிருக்கீங்க. வேலையில ஒண்ணு. எது உங்களை வாட்டுதுன்னு தெரியலையா?”

“டிவி பாக்கும்போது அடிச்சா அடிக்கட்டும். கெடுறதுக்கு அங்க என்ன இருக்கு?”

“நாப்பத்தோரு தரம் பதிலே போடல. அப்ப என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

“எப்ப?”

“அது அடிச்சப்ப.”

“எது அடிச்சப்ப?”

மச்சினன் குறுக்கே வந்தான். “மாமா, மேடம் படிச்சவங்க. கொஞ்சம் மரியாதையா...”

“நீ வாயை மூடுடா. உன் சந்தோஷத்துக்கு என் கையில மணி கட்டியிருக்கே.”

“அப்ப செதுக்கும்போது சந்தோஷமா இருக்கீங்களா, அதை மட்டும் சொல்லுங்க” என்றார் ஆலோசகர், பல்லைக் கடித்துக்கொண்டு.

“அதையெல்லாம் அப்ப யாரு பாத்தா?” குறடு பட்டையைக் கழற்றி ஆலோசகரின் காகிதத்தின்மேல் போட்டார். “கையில இருக்கிறதை முடிச்சுட்டுக் கையெழுத்துப் போடறேன். நிக்கிறதுன்னா வெளிச்சத்தை மறைக்காம நில்லுங்க.”

ஆலோசகர் நிற்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார், விடமாட்டேன் என்கிற மாதிரி. குறடு கத்தி முனையை விளக்கில் சூடு காட்டினார். மெழுகில் ஒரு சொட்டு ஏறியது, ஒரு சீவல் இறங்கியது. பக்கத்துப் பல்லை ஒட்டி ஒரு மயிரிழை இடம் விட்டு, மறுபடி மூடி, மறுபடி விட்டார். ஆலோசகரின் மூக்குக்கண்ணாடி மெல்ல மெல்ல மேசைப் பக்கம் சாய்ந்தது. காகிதம் மடியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

குறடு நிமிர்ந்தபோது வெயில் ஜன்னலை விட்டுப் போயிருந்தது.

“மேடம்,” என்றான் மச்சினன் தயங்கித் தயங்கி, “உங்க பட்டை ரெண்டு தரம் அடிச்சுது. நீங்க ஒண்ணும் தட்டலையே.”

“எது அடிச்சுது?” என்றார் ஆலோசகர்.

சொன்ன பிறகுதான் அவர் காதில் அது விழுந்தது. முகம் சிவந்துவிட்டது. எதிரே இருந்த அந்த மனிதரை அதற்காக அவர் கடைசிவரை மன்னிக்கவில்லை. காகிதத்தைப் பொறுக்கி நாலாக மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டு எழுந்தார்.

“நாற்காலியை எடுத்த இடத்துல போட்டுட்டுப் போங்க” என்றார் குறடு.

அறிக்கையில் பிறகு ஒரு வரி சேர்ந்தது: ‘மாற்றம் நிறுத்தி வைக்கப்படுகிறது, ஊழியர் ஒத்துழைக்கவில்லை.’ ஆலோசகர் எதிரே உட்கார்ந்திருந்த எழுபது நிமிஷத்தில் ஊழியர் மேல் தாடைக்கு இடது கோரைப்பல் ஒன்று செதுக்கி முடித்தார்.