கைதட்டலுக்காக நிறுத்திய இடம்

பட்டிமன்றம் பேசப் போகிறவனுக்குச் சொந்தக் கருத்து என்று ஒன்று இருந்தால் தொந்தரவு. நானும் என் நண்பனும் இருபது வருடம் அது இல்லாமல்தான் பேசினோம். நான் அரசு அலுவலகக் குமாஸ்தா, அவன் மிஷன் பள்ளியில் வரலாற்று வாத்தியார். பொங்கலுக்குத் திருவாதவூர்ப் பக்கம் கூப்பிடுவார்கள், சர்ச் திருவிழாவுக்கு வேறு ஊர். பஸ்ஸில் ஏறியதும் சீட்டு எழுதிக் குலுக்குவோம். எனக்கு மாமியார் விழுந்தால் அவனுக்கு மருமகள். அடுத்த ஊரில் அப்படியே பக்கம் மாற்றிக்கொள்வோம். மேடையில் என்னைக் கிழிகிழியென்று கிழிப்பான். இறங்கியதும் ஒரே இலையில் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சாப்பிடுவோம். அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. அவ்வளவு சண்டை போட்டும் ஒருநாள்கூட மனஸ்தாபம் வந்ததில்லை.

இருவரும் ஓய்வு பெற்ற பிறகு, கே.கே. நகரில் எங்கள் வாசகர் வட்டத்தார் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டிமன்றம் வைத்தார்கள். காஸாவில் நடப்பது இனப்படுகொலையா, போரா என்பது தலைப்பு. வழக்கம்போலச் சீட்டுக் குலுக்கினோம். எனக்கு இனப்படுகொலை, அவனுக்குப் போர்.

நான் வெளுத்து வாங்கினேன். அந்தச் சொல்லை முதல்முறை சொன்னபோதே கை தட்டினார்கள், அதனால் நிமிடத்துக்கு ஒருமுறை சொன்னேன். கடைசியாக, இடிபாட்டிலிருந்து வெளியே எடுத்த ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்லிவிட்டு நிறுத்தினேன். எங்கே நிறுத்தினால் கைதட்டல் வரும் என்பது எனக்கு அத்துப்படி. வந்தது.

அவன் அன்று வழக்கம்போல் பேசவில்லை. போர் தொடங்கிய அன்று ஆட்டம் பாட்டத்துக்குக் கூடியிருந்த யூதப் பிள்ளைகளைச் சுட்டுக் கொன்றதைச் சொன்னான். ஒரு காலத்தில் கூட்டம் கூட்டமாகக் கொல்லப்பட்ட இனம், அவர்களைப் பார்த்து இந்தச் சொல்லைச் சொல்வதற்கு முன் நிதானம் வேண்டும் என்றான். பின்வரிசையிலிருந்து ஒருவர், "கொலைகாரனுக்கு வக்காலத்தா?" என்று கத்தினார். 'ஐயா, அது சீட்டில் விழுந்த பக்கம்' என்று நான் எழுந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்குக் கிடைத்த கைதட்டலின் சுகத்தில் உட்கார்ந்திருந்தேன். அவன் பாதியில் முடித்துக்கொண்டான்.

வெளியே வண்டி நிறுத்தியிருந்த இடத்தில் சொன்னான். "அந்தப் பிள்ளையப் பத்திச் சொன்னேல்ல மாப்ள, நான் கண்ண மூடிக் குனிஞ்சுட்டேன். நிமிந்து பாத்தா நீ கைதட்டுக்கு நிக்கிற."

"மேடைன்னா அப்படித்தானடா. ஏன், அது இனப்படுகொலை இல்லேங்கிறியா?"

"எனக்குத் தெரியலடா. ஒரு வாரமாப் படிச்சேன், இன்னும் தெரியல. ஆனா மனசு ஆற மாட்டேங்குது. அடுத்த மாசம் மேலூர்ல இதே தலைப்பாம். பக்கம் மாறுனா நீ என்ன பேசுவ?"

கேட்ட வாய் மூடுவதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன். "செத்தவங்க கணக்கு மட்டும் பத்தாது, அழிக்கணுங்கிற எண்ணத்த நிரூபிக்கணும்னு முதப் பாயிண்ட். ஒலகத்துல எந்தப் போர்லதான் பிள்ளைக சாகலன்னு ரெண்டாவது. நடுவுல ஒரு ஜோக்கும் வச்சிருக்கேன்."

அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "வாரேன்டா" என்று கிளம்பினான். நான் என்ன சொன்னேன் என்பது வண்டிச் சத்தம் தெருமுனையில் மறைந்த பிறகுதான் எனக்கே கேட்டது. அத்தனை வெட்கமாக இருந்தது.

மேலூருக்கு இருவருமே போகவில்லை. பேச்சு நின்றுவிடவில்லை. வாரம் ஒருமுறை டீக்கடையில் சந்திக்கிறோம், சர்க்கரை அளவைப் பற்றியும் பென்ஷனைப் பற்றியும் பேசுகிறோம். சில நாள் வேண்டுமென்றே ஏறுக்குமாறாக எதையாவது சொல்லி அவனைச் சீண்டிப் பார்க்கிறேன். எப்படியாவது சண்டைக்கு வரமாட்டானா என்று இருக்கிறது.

"நீ சொன்னாச் சரிதான்டா" என்கிறான்.

இதற்கு முன் என்னிடம் அவன் எதையுமே ஒத்துக்கொண்டதில்லை.