ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ

இரண்டு பேர், ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாமல், ஒரே விடயத்தை என்னிடம் தனித்தனியே வந்து சொல்லி, இரண்டு பேருமே வெளியில் சொல்ல வேண்டாம் என்று கேட்டால் நான் என்ன செய்திருக்க வேண்டும்? பாத்திரம் கழுவும்போது ஒரு பதில் வரும். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தால் அது பிழை என்று தோன்றும்.

நான் யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதியில், கரம்பொனில் இருக்கிறேன். கணவருக்கு நெடுந்தீவில் அரசாங்க வேலை. திங்கட்கிழமை போனால் வெள்ளிக்கிழமைதான் வருவார். காற்றுக் கடுமையாகி படகு ஓடாத கிழமைகளில் அதுவும் இல்லை. வீட்டில் நானும் இரண்டு வயது மகளும்தான். நான் பட்டப்படிப்பு முடித்தவள். மகளைப் பார்க்க ஆளில்லாததால் வேலைக்குப் போகவில்லை என்று சொல்வேன். ஆள் இருந்தாலும் போயிருப்பேனா என்பது நிச்சயமில்லை.

மகள் பிறந்த வருடம், என்னோடு பல்கலைக்கழகத்தில் படித்த தோழி ஒருத்தி என்னை ஒரு தகவல் வலையமைப்பில் சேர்த்துவிட்டாள். வெளிநாடுகளில் படிக்கிற, படிப்பிக்கிற நம்மவர்கள் சிலர் சேர்ந்து நடத்துவது. புலமைப்பரிசில், பயிற்சி, குறுகிய காலப் படிப்பு என்று எங்கே வாய்ப்பு வந்தாலும் அதன் அறிவித்தலை எங்களுக்கு அனுப்புவார்கள். ஒவ்வொரு பகுதியிலும் ஒருவர் அதைச் சரிபார்த்து, தமிழில் சுருக்கி, தன் பகுதிப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். தீவுப் பகுதிக்கு நான். யார் விண்ணப்பிக்கலாம், வயதெல்லை என்ன, கடைசித் திகதி எது என்று எழுதுவேன். விண்ணப்பத்துக்குக் காசு கேட்கிற அறிவித்தல் என்றால் போடுவதில்லை. நெடுந்தீவில் இணைப்பு மெதுவாகத்தான் வரும் என்பதால் படமாகப் போடாமல் எழுத்தாகவே போடுவேன். அனுப்ப முதல் பலதரம் வாசிப்பேன். அனுப்பிய பிறகும் வாசிப்பேன்.

குழுவில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு இறுப்பிட்டி, நயினாதீவு என்று எல்லாப் பக்கமும். ஆனால் அறிவித்தலுக்குக் கீழே ஒருவரும் ஒரு சொல் எழுத மாட்டார்கள். ஒரு கட்டைவிரல் படம்கூட வராது. முதலில் நான் பயந்தேன், எழுத்தில் ஏதும் பிழையோ என்று. பிறகுதான் விளங்கியது. எங்கள் பக்கத்தில் வெளிநாட்டுப் பயணத்தைப் போய்ச் சேரும்வரை யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. சொன்னால் கண்ணூறு பட்டு விசா தட்டுப்படும். பெட்டி கட்டிய பிறகும் "கொழும்புக்கு ஒரு அலுவலாப் போறம்" என்றுதான் சொல்வார்கள். என் அண்ணன் கனடாவுக்குப் போனபோது நானும் பள்ளிக்கூடத்தில் கேட்டவர்களுக்கு அவருக்குக் காய்ச்சல் என்றுதான் சொல்லித் திரிந்தேன். அவர் அங்கே இறங்கி இரண்டு நாளான பிறகுதான் அவருடைய காய்ச்சல் மாறியது.

ஆகவே குழு அமைதியாக இருக்கும். என் தொலைபேசிக்குத் தனியாக வருவார்கள்.

"அக்கா, இது எனக்கில்லை. என்ர சிநேகிதி ஒராளுக்கு. வயசு இருவத்தாறு எண்டா ஏலாதோ?"

இதைச் சொன்னால் கணவர் சிரிப்பார். "எங்கட தீவில படிப்பெல்லாம் சிநேகிதியளுக்குத்தான் போல. உம்மட சிநேகிதிக்கும் ஒண்டு பாருமன்."

யாருக்கு இடம் கிடைத்தது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஒருநாள் குழுவில் ஓர் இலக்கம் வெளியேறியதாகக் காட்டும். அப்போது தெரியும், ஒரு பிள்ளை போய்ச் சேர்ந்துவிட்டது. நன்றியை எதிர்பார்த்து நான் இதைச் செய்யவில்லை. ஆனால் அப்படி ஒரு வரி வரும்போது கையில் இருப்பதை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்துவிடுவேன்.

என் பக்கத்து வீட்டில் ஒரு பிள்ளை. தகப்பன் கடலுக்குப் போகிறவர். அவள் விஞ்ஞானப் பட்டதாரி, வேலை தேடிக்கொண்டிருந்தாள். பின்னேரம் மதிலோரத்துச் சின்னப் படலையால் வந்து என் மகளைத் தூக்கி வைத்துக்கொள்வாள். நான் அப்போதுதான் தலை வாருவேன். அந்த ஒரு மணித்தியாலம்தான் பெரியவர்கள் பேசுகிற பேச்சு இந்த வீட்டில் கேட்கும். மகளுக்கு அவள் சித்தி.

போன வருடம், கடலுணவைப் பழுதாகாமல் பதப்படுத்துவது பற்றி வெளிநாட்டில் ஒரு வருட மேற்படிப்பு, செலவு முழுவதும் அவர்களே பார்ப்பார்கள் என்று ஓர் அறிவித்தல் வந்தது. அன்றைக்கே அவள் வந்தாள்.

"அக்கா, நான் போடப் போறன். நீங்கள் எழுத்தை ஒருக்காப் பாத்துத் தாங்கோ. ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. அம்மாக்கும் தெரியாது."

அடுத்த கிழமை நாரந்தனையிலிருந்து இன்னொரு பிள்ளை எழுதினாள். முதலில் சிநேகிதிக்கு என்றாள், பிறகு தனக்கு என்றாள். அவள் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மாமாவின் மகள், மச்சாள் முறை. இரண்டு பேரும் நல்ல ஒற்றுமை. அவளும் அதையே சொன்னாள்: ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ.

நான் சொல்லவில்லை. இருவரும் தங்களைப் பற்றி எழுதியவற்றைத் தனித்தனியே திருத்தினேன். ஒருத்திக்குக் கூடுதல் நேரம் செலவழித்தேனோ என்று யோசித்து மற்றவளுடையதைத் திரும்ப எடுத்துப் பார்ப்பேன். பிறகு இவளுக்குக் குறைத்துவிட்டேனோ என்று இருக்கும். இரண்டு பேருக்கும் கொழும்பில் நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. அதையும் இரண்டு பேரும் எனக்கு மட்டும்தான் சொன்னார்கள்.

போய் வந்த பின்னேரம் பக்கத்து வீட்டுப் பிள்ளை குசினிக்குள் வந்து, மகளை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தாள். வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, ஒரு பகிடி கேளுங்கோ. வீட்டில நீர்கொழும்பில கலியாணம் எண்டு சொல்லிப்போட்டெல்லோ போனனான். புத்தளத்தில தேத்தண்ணிக்கு பஸ்ஸை நிப்பாட்ட இறங்கினா, முன்னுக்கு வேற பஸ்ஸால இறங்கி மச்சாள் நிக்கிறா. நான் ஓடிப்போய் பஸ்ஸில ஏறி சால்வையால மூஞ்சையை மூடிக்கொண்டு படுத்திட்டன். காலமை நேர்முகத்துக்குப் போனா, அங்க கதிரையில இருக்கிறா. அவவும் என்னைப் புத்தளத்தில கண்டிட்டு கக்கூசுக்குள்ள ஒளிச்சு நிண்டவவாம். பஸ் விட்டிட்டுப் போகப் பாத்ததாம்."

"பிறகு?"

"பிறகென்ன. அவ வீட்டில பல்லுப் புடுங்கப் போறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தவ. எங்க பல்லு எண்டு கேட்டன். எங்க கலியாண வீடு எண்டு கேட்டா."

நானும் சிரித்தேன். ஆனால் அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நீங்கள் ஏனக்கா திடுக்கிடேல்லை?"

நான் அடுப்பைக் குறைத்தேன்.

"அவவும் உங்களிட்டத்தான் வந்தவவோ?"

"ஓம்."

"ரெண்டு பேற்ற எழுத்தையும் நீங்களே பாத்தனீங்கள்?"

"ஓம். ரெண்டு பேரும் சொல்லவேண்டாம் எண்டனீங்கள்."

"ஊருக்குச் சொல்லவேண்டாம் எண்டனான், அக்கா. எனக்குச் சொல்லவேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை."

அவள் கோபமாக எழும்பவில்லை. மகளை மெதுவாக நிலத்தில் இறக்கினாள். சோறு வடிக்க வேண்டும், அம்மா தேடுவா என்று சொல்லிவிட்டுப் போனாள். அதன்பிறகு படலையால் வரவில்லை.

முடிவு வந்தபோது மச்சாளுக்கு இடம் கிடைத்தது. இவளுக்குக் கிடைக்கவில்லை. அங்கே இருந்தது ஒரேயொரு இடமல்ல, சில இடங்கள் இருந்தன. அதுதான் என்னைத் தின்கிறது. இரண்டு பேரும் ஒரு கிழமை என் குசினியில் இருந்து ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுப் பழகியிருந்தால் இரண்டு பேருமே போயிருப்பார்களோ என்று நினைப்பேன். அல்லது, சொல்லியிருந்தால் ஒருத்தி பின்வாங்கியிருப்பாளோ என்றும் நினைப்பேன். மச்சாளுக்கு விட்டுக்கொடுக்கிற குணம் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு உண்டு.

இடம் கிடைக்காத இவள் குழுவிலிருந்து வெளியேறினாள். அந்த வரியை இந்தமுறை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். தனியாக எழுதிப் பார்த்தேன், போய்ச் சேரவில்லை. என் இலக்கத்தைத் தடுத்து வைத்திருக்கிறாள் போல. பின்னேரங்களில் மகள் படலைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நான் தலை வாராமலே இருந்துவிடுகிறேன்.

நாரந்தனைப் பிள்ளை போய்ச் சேர்ந்த பிறகு கோயிலில் நன்றிப் பூசை ஒப்புக்கொடுத்து எல்லோருக்கும் சாப்பாடு கொடுத்தார்கள். அதற்குப் போய் வந்த பக்கத்து வீட்டு அம்மா மதிலடியில் நின்று என்னைக் கூப்பிட்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது. மகள் நீர்கொழும்புக் கலியாணத்துக்குப் போய் வந்தாள் என்றுதான் இன்றைக்கும் நினைத்திருக்கிறார்.

"பிள்ளை, எங்கட அண்ணையின்ர மகள் வெளிநாடு போயிட்டாள், கேள்விப்பட்டனீரே?"

"ஓம் அம்மா. சந்தோசம்."

"உமக்கு உந்தத் தகவலெல்லாம் வருமாம். எங்கட பிள்ளைக்கும் ஒருக்காச் சொல்லுமன். அவளுக்கு உதுகளில ஒரு எண்ணமும் இல்லை. வீட்டுக்குள்ளயே கிடக்கிறாள். உம்மோட என்ன கோவமோ, கேட்டாலும் சொல்லுறாளில்லை."

நான் சொல்கிறேன் என்று தலையாட்டினேன். வேறு என்ன செய்வது? அவர் ஒரு பையில் நண்டு தந்துவிட்டுப் போனார்.

இப்போது அதே படிப்புக்கு இந்த வருட அறிவித்தல் வந்திருக்கிறது. வயதெல்லையைப் பார்த்தேன். அவளுக்கு இதுதான் கடைசி வருடம். குழுவில் போட்டுவிட்டேன். அதைப் பார்க்க அவள் அங்கே இல்லை.

கணவரிடம் சொன்னேன். "நீர் ஏன் உடைஞ்சு போறீர்? அறிவித்தல் போடுறதுதான் உம்மட வேலை, போட்டாச்சு. அவளுக்கு வேணுமெண்டா தேடுவாள்," என்றார். பிறகு, "இல்லாட்டி நேர போய்ச் சொல்லும்," என்றார். படகுக்கு நேரமாகிவிட்டது, இரண்டில் எது என்று கேட்க முடியவில்லை.

நேரே போனால் தாய் முன்னால் இருப்பார். போன வருடக் கதை வெளியில் வரும். தோற்றுப்போனதை ஊருக்குச் சொன்னவளாகவும் ஆகிவிடுவேன். தாயிடமே அறிவித்தலைக் கொடுத்தால் ஒன்றும் தெரியாதவள் போல நடிக்க வேண்டும்; அந்த நடிப்பை அவள் உடனே பிடிப்பாள். வலையமைப்பில் வேறொருவரைக் கொண்டு, என் பெயர் வராமல் அவளுக்கு அனுப்பலாம் என்று தோழி சொல்கிறாள். மறைத்ததற்காகத்தான் அவள் என்னைவிட்டு விலகினாள். திரும்பவும் மறைத்து ஒரு நல்லதைச் செய்தால், நாளைக்குத் தெரியவரும்போது கையில் இருக்கிற இடத்தையும் அவள் வேண்டாம் என்று சொல்லக்கூடும். ஒன்றும் செய்யாமல் இருந்தால் திகதி போய்விடும்.

இதை வாசிக்கிறவர்களில் இப்படியான குழுக்களை நடத்துகிறவர்கள் இருப்பீர்கள். அந்தப் பிள்ளையின் இடத்தில் இருந்தவர்களும் இருக்கலாம். என்னை மன்னிக்கச் செய்வதற்கு வழி கேட்கவில்லை, அது பிறகு. என்னிடமிருந்து எதையும் வாங்க விரும்பாத ஒருத்திக்கு, அவளுக்கு வேண்டிய தகவலை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது? உங்களுக்கு யாராவது அப்படிச் செய்திருந்தால், எந்த வழியில் வந்தபோது அதை வாங்கிக்கொண்டீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள். விண்ணப்பம் முடிவதற்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது.