கூப்பிடாதவள்

என் நாவலின் நாயகி குளியலறையில் வழுக்கி விழுந்து, கால் முறிந்து, ஒரு பிற்பகல் முழுவதும் அங்கேயே கிடக்கிறாள். பக்கத்து ஃப்ளாட்டில் குக்கர் விசில் அடிப்பது அவளுக்கு நன்றாகக் கேட்கிறது. இருந்தும் ஒரு குரல் கொடுக்க மாட்டாள். சென்னைப் பதிப்பாளருக்கு இது பிடிக்கவில்லை.

"வாசகர் நம்ப மாட்டாங்க மேடம். சின்ன வயசுல அந்தப் பொண்ணுக்கு ஏதாவது நடந்திருக்கணும். அதை எழுதிடுங்களேன்" என்றார் போனில்.

இப்போதெல்லாம் கதையில் ஒருத்தி தும்மினால்கூடச் சின்ன வயதுக் காரணம் கேட்கிறார்கள். எனக்கு அலுப்பாக இருந்தது. காரணம் எனக்குத் தெரியும். ஆனால் எழுதினால் அம்மா படிப்பாள். என் எழுத்தில் ஒரு வரி விடாமல் படிப்பவள் இந்தப் புனேயில் அவள் ஒருத்திதான்.

அப்பா இறந்தபோது எனக்கு ஐந்து வயது. புனேயை ஒட்டிய கசார்வாடியில் ஒற்றை அறை வீடுகள் வரிசையாக இருந்த ஒரு சாலில் குடியிருந்தோம். அம்மா அருகில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தாள். உறவென்று சொல்ல அங்கே ஒருவருமில்லை. காலையில் சோற்றை மூடி வைத்து, என்னை உள்ளே விட்டு, வெளியே பூட்டிக்கொண்டு போவாள். பார்க்கிறவர்கள் ஆளில்லாத வீடு என்று நினைக்க வேண்டும். "யார் வந்தாலும் மூச்சு விடக் கூடாது" என்பாள்.

பூட்டு எனக்குப் பழகிவிட்டது. மத்தியானம்தான் பழகவில்லை. தினமும் ஒரு காலடிச் சத்தம் வந்து எங்கள் கதவருகே நிற்கும். தட்டாது, கூப்பிடாது. நான் கட்டிலுக்கு அடியில் புகுந்து இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொள்வேன். பயத்தில் பாவாடையை நனைத்த நாட்களும் உண்டு. அம்மாவிடம் சொன்னதே இல்லை. சொன்னால் அவள் வேலைக்குப் போக மாட்டாள்.

இதைத்தான் நாயகிக்கு இரண்டு அத்தியாயமாகக் கொடுத்தேன். முதலில் பூட்டு, அடுத்தது காலடி. பெற்றவளை வில்லியாக்கிப் பேர் வாங்கும் ஆசை எனக்கில்லை. அதனால் பூட்டு அத்தியாயத்தை மட்டும் பெரிய எழுத்தில் அச்செடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். அவள் மனம் நொந்தால் இரண்டையும் தூக்கிவிடுவதாக இருந்தேன்.

படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினாள். முகத்தில் கோபம் இல்லை.

"பூட்டினேன், இல்லேங்கல. ஊர் வாயை மூட உலைமூடி இல்ல, படிக்கறவங்க என்ன வேணா பேசட்டும். ஆனா மத்தியானம் நான் வந்து பாத்ததை எழுதலியே நீ."

"எப்ப வந்தே?"

"தெனமும்தான். சாப்பாட்டு நேரத்துல ஓடி வருவேன். கதவைத் தொறந்தா காலைக் கட்டிக்கிட்டு விட மாட்டே. அதான் வெளியவே நின்னு காதை வச்சுக் கேப்பேன். உள்ள ஒரு சத்தமும் இருக்காது. சரி, புள்ள நிம்மதியா தூங்குதுன்னு போயிடுவேன். அப்ப எனக்கு அது ஒண்ணுதான் ஆறுதல்."

நல்லவேளை, அம்மா என் முகத்தைப் பார்க்காமல் குனிந்து தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நான் வந்து நிக்கறது உனக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா. தூங்கிட்டிருந்திருப்பேன்."

"அதையும் சேத்து எழுது" என்று சிரித்தாள்.

சேர்த்தேன். அம்மா கதவருகே நின்றுவிட்டுப் போகிறாள், குழந்தை உள்ளே தூங்குகிறது. காலடி அத்தியாயத்தை அழித்துவிட்டேன். இனி நாயகி கூப்பிடாததற்குக் காரணமே இல்லை. அவள் அப்படித்தான் என்று பதிப்பாளரிடம் சொல்லிவிட்டேன். நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும்.