முதலிடத்தில் உட்கார்ந்து தோற்றோம்

கர்லிங் என்றொரு விளையாட்டு உண்டு. பனிக்கட்டித் தரையில் கைப்பிடி வைத்த பெரிய கல்லைத் தள்ளிவிடுவார்கள். அது போகிற வழியில் இரண்டு பேர் முன்னால் ஓடி ஓடித் தரையைத் துடைப்பார்கள். அவ்வளவுதான். திருப்பதியிலிருந்து ஸ்ரீசிட்டிக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில், தூக்கம் வராத ஒரு காலையில் போனில் இதைப் பார்த்தேன். அன்றைக்குப் பிடித்த கிறுக்கு இன்றுவரை விடவில்லை.

முதல் வேலையாக நைனாவுக்கு அனுப்பினேன், அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன். நாகலாபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் கிராமத்தில், குத்தகைக்கு எடுத்த மாந்தோப்பில் இருந்தார். உடனே கூப்பிட்டார்.

"இன்னாம்மா இது, இம்மாம் பெரிய ஆளுங்கோ தொடப்பத்த எடுத்துகினு ஓடறாங்கோ? வூட்ல பெருக்க மாட்டாங்கோ போலக்குது!"

மறுநாள் அவரே கூப்பிட்டு, சிவப்புச் சட்டைக்காரர்கள் ஜெயித்தார்களா என்று கேட்டார். அதற்கடுத்த நாள், அந்தக் கல்லை அப்படித் தள்ளியிருக்கக் கூடாது என்று என்னோடு சண்டைக்கு வந்தார். நோய் தொற்றிவிட்டது. அப்பாவும் மகளும் பேச வேறு பேச்சே இல்லையா என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆட்டத்தைவிட எனக்குப் பித்துப் பிடிக்க வைத்தது அதன் தரவரிசை. எந்த நாடு முதலிடம், எது இரண்டாவது என்று எப்படி முடிவு செய்கிறார்கள் தெரியுமா? உலகப் போட்டிகளில் எந்த இடம் பிடித்தாய் என்பதற்குப் புள்ளி. புள்ளி நாட்டுக்குத்தான், ஆட்டக்காரருக்கு இல்லை. அண்மையில் எடுத்த புள்ளிக்கு மதிப்பு அதிகம். அதுவே வருடம் போகப் போகத் தேய்ந்துகொண்டே வந்து, கடைசியில் கணக்கிலிருந்தே கழன்று விழுந்துவிடும். போட்டிக்கு வராவிட்டால் ஒன்றும் கிடையாது. நம் நாட்டின் பெயரும் கீழே எங்கேயோ இருந்தது, அதைப் பார்த்ததற்கே பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன்.

ஆனால் இந்தக் கணக்கைப் படித்தபோது என் கண்ணுக்குத் தெரிந்தது எந்த நாடும் இல்லை. எங்கள் ஊர் மேலத்தெருதான்.

பொங்கலுக்கு மறுநாள், கனுமாப் பண்டிகை அன்றைக்கு, ஊரில் கயிறு இழுக்கும் போட்டி நடக்கும். நான்கு தெரு, நான்கு அணி, பரிசு ஒரு கிடா. இதில் மேலத்தெருவுக்கு மட்டும் ஒரு தனிச் சலுகை. அவர்கள் நேராகக் கடைசி ஆட்டத்துக்கு வந்து நிற்பார்கள். மற்ற மூன்று தெருவும் தங்களுக்குள் ஒருவரோடு ஒருவர் இழுத்து, மிஞ்சுகிற அணி அவர்களோடு மோத வேண்டும். ஏன் என்று கேட்டால், எப்போதோ அவர்களுடைய தாத்தாக்கள் ஜெயித்தார்களாம். மைக்கிலும் அவர்கள் பெயர்தான் முதலில் வரும். காலனியின் பெயர் கடைசியில், பாதி நேரம் மைக் அணைந்த பிறகு.

மிஞ்சுகிற அணி எப்போதும் எங்கள் காலனிதான். பங்காருபாளையம் மண்டியில் மாங்காய்க் கூடை தூக்கிய கைகள் எங்களுடையவை. ஆனால் எல்லாரையும் இழுத்துப் போட்டுவிட்டு உள்ளங்கை உரிந்து நிற்கும்போது, மேலத்தெருக்காரர்கள் அப்போதுதான் நாற்காலியை விட்டு எழுந்து சோம்பல் முறிப்பார்கள். ஒவ்வொரு வருடமும் கிடா அங்கேதான் போகும்.

போன வருடம் மட்டும் மேலத்தெருப் பையன்களுக்கு பெங்களூரில் லீவு கிடைக்கவில்லை. அணியே வரவில்லை. கிடா எங்களுக்கு வந்தது. நைனாவுக்கு அது பிடிக்கவே இல்லை. "இழுக்காம வந்த கெடா" என்று சொல்லி ஒரு துண்டு கறியைக்கூடத் தொடவில்லை. கயிற்றின் கடைசி முனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு நிற்கும் ஆள் அவர்தான். முட்டி வலி வந்துவிட்டது. இந்த வருடத்தோடு விட்டுவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

"ஒரே ஒரு வாட்டி, அவங்கள நெஜமா இழுத்துட்டா போதும்மா. அப்புறம் எவன்னா புடிச்சிக்கட்டும் அந்தக் கயித்த."

அதற்காகத்தான் பண்டிகைக்கு முந்தின நாள் ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்றேன். ஒலிம்பிக்கில் ஆடுகிற விளையாட்டின் கணக்குப்படி தெருக்களை வரிசைப்படுத்தலாம், முதலிடம் வருகிற தெரு நேராகக் கடைசி ஆட்டத்துக்கு வரட்டும் என்றேன். ஒலிம்பிக் என்றதும் மைக் பிடிக்கிற பள்ளிக்கூடத்து சாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மேலத்தெருப் பெரியவர் சிரித்தார்.

"எந்தக் கணக்குன்னா போடும்மா. மொதல்ல நாங்கதான்."

போனைத் தட்டினேன். மேலத்தெருவின் பழைய வெற்றிகளெல்லாம் தேய்ந்து போயிருந்தன. போன வருடம் அவர்களுக்கு ஒன்றுமில்லை. எங்களுக்கோ வருடா வருடம் இரண்டாமிடம், போன வருடம் முதலிடம். சத்தமாகப் படித்தேன். காலனி முதலிடம்!

"எங்க தாத்தா காலத்துல இருந்து..." என்று பெரியவர் ஆரம்பித்தார்.

"தாத்தா காலத்துக்குப் புள்ளி இல்லீங்க" என்றேன்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பெரியவரே சிரித்துவிட்டார், வாயைக் கொடுத்தாயிற்றே, வேறு வழியில்லை.

மறுநாள் மைக்கில் சார் தெலுங்கில் முழங்கினார். "மொதடி ஸ்தானம், காலனி!" எங்கள் பக்கம் ஒருவருக்கும் கால் தரையில் இல்லை. விசில் என்ன, தப்பு மேளம் என்ன, சின்னப் பிள்ளைகளின் ஆட்டம் என்ன. மேலத்தெருவின் பிளாஸ்டிக் நாற்காலிகள் முதல் முறையாக எங்கள் பக்கம் வந்தன. எங்கள் ஆட்கள் அதில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்கள். எனக்கு மயக்கமே வந்துவிடும் போல இருந்தது, அவ்வளவு சந்தோஷம்.

அங்கேதான் புத்தி கெட்டுப்போனது. உட்கார்ந்திருக்கிற ஆட்களைப் பார்த்ததும் எங்கள் தெருப் பெண்களுக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. இலை போட்டார்கள். வடை வந்தது, நாட்டுக்கோழிக் குழம்பு வந்தது. "இன்னும் ரெண்டு துன்னு, ஆட்டத்துக்கு நேரம் கெடக்குது" என்று என் அம்மாவே அள்ளி அள்ளி வைத்தாள். நானும்தான் பரிமாறினேன். உட்கார்ந்து காத்திருந்து எங்களுக்குப் பழக்கமே இல்லை. உட்கார வைத்தால் சாப்பாடு போடுவது மட்டும்தான் தெரியும்.

எதிரே மேலத்தெரு வெயிலில் இழுத்துக்கொண்டிருந்தது. கோயில் தெருவை இழுத்தது, பள்ளிக்கூடத் தெருவை இழுத்தது. சட்டை நனைந்து, உடம்பு சூடேறி, கண் சிவந்து எங்கள் முன்னால் வந்து நின்றது. எங்கள் ஆட்கள் ஏப்பம் விட்டுக்கொண்டே எழுந்தார்கள்.

நைனா இடுப்பில் கயிற்றைச் சுற்றினார். ஒரு சுற்று குறைவாகத்தான் வந்தது, வயிறு அப்படி. விசில் அடித்ததும் நாங்கள் கத்திய கத்தலில் தொண்டை கிழிந்தது. கொஞ்ச நேரம் கயிறு அசையவில்லை. பிறகு முன்னால் நின்ற ஒருவனுக்கு விக்கல் வந்தது. அவன் விக்கியதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவன் சிரித்தான். சிரிப்பு கயிற்றோடு பின்னால் ஓடி நைனா வரைக்கும் போயிற்று. மொத்தக் காலனியும் சிரித்துக்கொண்டே கோட்டைத் தாண்டிப் போய் விழுந்தது.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. நைனாவின் ஒரே ஆசையை நானே இலை போட்டுப் பரிமாறிக் கெடுத்துவிட்டேன்.

ஆனால் ஜெயித்தவர்கள் யாரும் குதிக்கவில்லை. அவர்களும் மண்ணில் விழுந்து கிடந்தார்கள். மேலத்தெருவின் கடைசி முனையைப் பிடிப்பவர், நைனா வயதுக்காரர், உரிந்துபோன உள்ளங்கையைப் பார்த்தபடி மூச்சு வாங்கினார்.

"இன்னாய்யா இது... வருசா வருசம் இப்பிடித்தான் வந்து எங்க முன்னால நின்னீங்களா?"

"ஆமா" என்றார் நைனா. "நீங்க குந்திகினு பாத்துகினு இருந்தீங்கோ."

அவர் தன் தண்ணீர் பாட்டிலை நைனா பக்கம் நீட்டினார். நைனா வாங்கிக் குடித்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் நைனா முட்டியைப் பிடித்துப் பிடித்து நடந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. போனை எடுத்து இந்த வருடத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டேன். இரண்டு தடவை போட்டேன்.

"நைனா, தோத்தாலும் நாமதான் இன்னும் மொதலிடம். போன வருசம் அவங்க வரல இல்ல, அது அவங்கள இன்னும் கீழ இழுத்துகினு இருக்குது."

அவர் நின்றார். "அப்போ வர்ற வருசமும் நாற்காலி நமக்குத்தானா?"

"நமக்குத்தான்."

"இன்னிக்குத் தோத்தது?"

"அதுவும் வருசா வருசம் தேஞ்சிகினே போய்டும் நைனா."

இடுப்புத் துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். முகம் மலர்ந்துவிட்டது. முன்னால் போய்க்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்துக் கத்தினார்.

"ஏ, கேட்டுக்க! அடுத்த கனுமாவுக்கு எனக்கு எலை போடாத. நான் கயிறு புடிக்கணும்."