கத்தியை ஓங்காமல் அவகாடோ வெட்டுவது

இந்த ஊரில் பழத்தை உப்பும் மிளகுத்தூளும் போட்டுத் தின்கிறார்கள். அதுவும் காலையில், வெறும் வயிற்றில், வாட்டிய ரொட்டி மேல் தடவி. அந்தப் பழத்துக்கு அவகாடோ என்று பெயர். கொடைக்கானல் பக்கம் பட்டர் ஃப்ரூட் என்று விற்பார்களாம். விருதுநகர் பஜாரில் நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் வாங்கியிருக்க மாட்டேன். இனிப்பும் இல்லை, புளிப்பும் இல்லை. முதல்முறை வாயில் போட்டபோது சோப்பை மென்ற மாதிரி இருந்தது. இதைத் தின்ன ஞாயிற்றுக்கிழமை காலையில் கடை வாசலில் குளிரில் வரிசை கட்டி நிற்கிறார்கள். நின்றுவிட்டுப் போகட்டும். தின்பது அவரவர் பாடு. இதை எப்படி வெட்ட வேண்டும் என்று படம் வரைந்து, எனக்கு மட்டும், என் கண்ணுக்கு நேரே சுவரில் ஒட்டினார்கள். அதுதான் எனக்கு ஆற்றாமை.

நான் மெல்போர்னுக்கு வந்தது 2007இல். என் வீட்டுக்காரர் பால்ராஜ் ஏழாயிரம்பண்ணைக்காரர். இங்கே ஒரு இந்தியச் சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை. அவர் விசாவில் ஒட்டிக்கொண்டு நானும் வந்தேன். ஐந்து மாதம் வீட்டுக்குள் கிடந்தேன். தாயில்பட்டியில் ஒன்பது வருடம் பட்டாசுக் கம்பெனிக்குப் போனவளுக்கு, பகல் முழுவதும் சும்மா உட்காருவது எப்படி என்று தெரியவில்லை. பிறகு பக்கத்துத் தெருவில் காலைச் சாப்பாடு போடும் ஒரு கஃபேயில் சமையலறை உதவிக்கு ஆள் கேட்டார்கள். இரண்டு வாரம் வேலை பார்க்க வேண்டும், பிடித்தால் வைத்துக்கொள்வார்கள். எனக்கு அந்த வேலை கட்டாயம் வேண்டும். ஊரில் என் தங்கச்சி செல்வி, நான் வேலை பார்த்த அதே கம்பெனியில், அதே மருந்து அடைக்கும் அறையில் உட்கார்ந்திருந்தாள். நான் சம்பாதிக்க ஆரம்பித்ததும் நீ வேலையை விட்டு நின்றுகொள், மாதாமாதம் அனுப்புகிறேன் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

சமையலறைக்குத் தலைவி டெபி. ஐம்பது வயது இருக்கும். கெட்டவள் இல்லை. முதல்நாளே எனக்கு அவகாடோவைக் கொடுத்தாள். பழத்தை நெடுக்காகக் கத்தியால் சுற்றிக் கீற வேண்டும். நடுவில் பெரிய கொட்டை இருப்பதால் கத்தி அதில் தட்டி நிற்கும். இரண்டு கையாலும் பிடித்துத் திருகினால் பழம் இரண்டாகப் பிரியும். கொட்டை ஒரு பாதியில் ஒட்டிக்கொண்டிருக்கும். இதுவரை சரி. அதற்குப் பிறகு டெபி செய்தாள் பாருங்கள், அதைத்தான் என்னால் செய்ய முடியவில்லை. கொட்டை இருக்கும் பாதியை இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். வலது கையில் கத்தியை ஓங்கி, கொட்டையின் மேல் டக்கென்று ஒரே போடு. கத்தி கொட்டையில் பதிந்தது. ஒரு திருகு, கொட்டை வெளியே வந்துவிட்டது. எல்லாம் ஒரு நொடி.

"ஹிட் இட், லவ்" என்றாள் என்னிடம். இங்கே லவ் என்பது நம்மூர்க் கண்ணு மாதிரி.

பழத்தைக் கையில் வைத்தேன். கத்தியைத் தூக்கினேன். கை இறங்கவில்லை.

கையில் வெட்டிவிடுமோ என்ற பயம் என்று நீங்கள் நினைக்கலாம். அவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். அது இல்லை. தாயில்பட்டியில் நாங்கள் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கும் அறையில் நாலே பேர்தான் இருப்போம். இரும்பு என்று ஒரு குண்டூசிகூட உள்ளே வரக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல்நாள் போர்மேன் என்னிடம் சொன்னது இதுதான்: "ஏளா, இங்கன மூணு விசயம் கெடையாது. இடிக்கக் கூடாது, தேய்க்கக் கூடாது, இழுக்கக் கூடாது. எது சிக்குனாலும் மல்லுக்கு நிக்காத. கீழ வச்சிட்டு வெளிய வந்து என்னையக் கூப்புடு." ஒன்பது வருடம் தினமும் காலையில் இதையேதான் சொன்னார். எங்களுக்குச் சலித்துப் போகும். "அண்ணாச்சி பாட்டுப் படிக்க ஆரம்பிச்சிட்டாரு" என்று கேலி செய்வோம். பிறகு ஒரு தீபாவளி சீசனில், லோடு ஏற்ற லாரி வந்து நிற்கிற அவசரத்தில், கலவை அறையில் பாண்டி அண்ணன் மூடி சிக்கிக்கொண்ட ஒரு டப்பாவைத் திருப்புளியால் தட்டினார். ஒரே தட்டு. நான் மூன்று அறை தள்ளி இருந்தேன். சத்தம் கேட்டதும் எழுந்து கருவேலங்காட்டுக்குள் ஓடினேன். காலில் முள் ஏறியதே சாயங்காலம்தான் தெரிந்தது. பாண்டி அண்ணனைப் பார்க்க விடவில்லை. பார்க்க ஒன்றும் இல்லை என்றார்கள். அதற்குப் பிறகு யாரும் போர்மேனைக் கேலி செய்யவில்லை. அன்றிலிருந்து கையில் இருக்கும் பொருளை இரும்பால் அடிப்பது என்பது என் உடம்பிலேயே இல்லாமல் போய்விட்டது. அது பழம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். கைக்குத் தெரியவில்லை.

அதனால் கரண்டியால் நோண்டினேன். கொட்டை வந்தது, கூடவே சதையும் பிய்ந்து வந்தது. துண்டு துண்டாக அழகாக விசிறி மாதிரி அடுக்க வேண்டிய பழம் கூழாகிப் போனது. நேரமும் ஆனது. டெபி பார்த்துவிட்டு, "பயமா?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "யெஸ். ஹேண்ட்" என்றேன். என் கை கேட்க மாட்டேன் என்கிறது என்று சொல்ல வந்தேன். அவள் போய் ஒரு தடித்த ரப்பர் கையுறை கொண்டுவந்து மாட்டிவிட்டாள். அதைப் போட்டுக்கொண்டு என்னால் பழத்தையே பிடிக்க முடியவில்லை. மறுநாள்தான் அந்தப் படத்தை ஒட்டினாள். ஐந்து கட்டம், நாலாவது கட்டத்தில் ஓங்கிய கத்தி. எழுதப் படிக்கத் தெரிந்தவளுக்குப் பொம்மைப் படம்.

நாலைந்து நாள் கழித்து, நான் மறுபடியும் கரண்டியை எடுத்தபோது, டெபி பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தி, "இஸ் இட் ரிலிஜியஸ்?" என்றாள். அந்த வார்த்தை எனக்குத் தெரியும். விசாப் படிவத்தில் பூர்த்தி செய்திருக்கிறோம். "நோ" என்றேன். அவள் கண்ணை மூடித் திறந்து, ஆமாம் என்று நான் சொன்னதுபோலவே தலையை ஆட்டினாள். என் தோளைத் தட்டினாள். மதியத்துக்குள் கடையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. காபி போடும் பெண் என்னைப் பார்த்துக் கைகூப்பினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு வந்து பால்ராஜிடம் சொன்னால், அவர் சிரித்துக்கொண்டே சட்டையை மாட்டினார். சாயங்கால வேலைக்குக் கிளம்பும் நேரம்.

"ஆமான்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதான. சாமின்னா இவுக மறுபேச்சுப் பேச மாட்டாக. வேல நிக்கும்ல."

"எந்தச் சாமிங்க பழத்த அடிக்காதன்னு சொல்லிச்சு? நம்ம கருப்பசாமிக்குக் கெடாய ஒரே வெட்டா வெட்டுறோம்."

"அது இவுகளுக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியும்ல. கம்பெனில இருந்தேன், மருந்து வேல பாத்தேன்னு உள்ளதச் சொல்லிட்டா என்ன?"

அவர் பித்தானைப் போடுவதை நிறுத்தினார். "ஏளா, அத மட்டும் வாயத் தொறந்துறாத. வெடிமருந்துன்னு நம்ம நெறத்துல ஒருத்தி சொன்னா இப்ப எம்புட்டு வெனையாகும்னு தெரியுமா? டிவி பாக்கேல்ல?"

பார்க்கிறேன்தான். தீபாவளிக்கு நாடு முழுக்கக் கொளுத்தும் சாமானைச் செய்தவள் நான். அதை இங்கே வெளியே சொல்ல வழியில்லை. சொல்லாத சாமியைச் சொன்னதாகச் சொன்னால் மரியாதை கிடைக்கும். இதுதான் எனக்குக் கிடைத்த நாடு.

இரண்டாவது வாரம் புதன்கிழமை, டெபி பெட்டியைக் காட்டி விரலால் கணக்குச் சொன்னாள். வெள்ளிக்கிழமை காலை நாற்பது பழம், இருபது நிமிடம். முடியாவிட்டால் வருத்தம்தான் என்று முகத்தைத் தொங்கப்போட்டாள். அன்று சாயங்காலம் கடையில் ஆறு பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சமையல் மேடையில் நின்றேன். போர்மேன் சொன்னதைத்தான் செய்தேன். மல்லுக்கு நிற்கவில்லை.

புதிதாக இந்த நாட்டுக்கு வந்து இந்த வேலையில் மாட்டுபவர்களுக்குச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் பழத்தைப் பார்த்து எடுங்கள். காம்பு இருந்த இடத்தில் சின்னக் குமிழ் மாதிரி இருக்கும், அதை நகத்தால் நெம்பினால் கீழே பச்சையாக இருக்க வேண்டும். கறுத்திருந்தால் உள்ளேயும் கறுத்துவிட்டது. பழத்தைப் பலகையில் வைத்து நெடுக்காக ஒரு சுற்றுக் கீறுங்கள். அதோடு நிறுத்தாமல், கால்வட்டம் திருப்பி இன்னொரு சுற்றுக் கீறுங்கள். நாலு கீற்றாகிவிடும். திருகினால் ஒவ்வொன்றாகக் கழன்று வரும். கடைசிக் கீற்றில் கொட்டை பாதிக்குமேல் வெளியே தெரிந்துகொண்டு நிற்கும். கட்டைவிரலால் ஒரு தள்ளு, போதும். பிறகு கீற்றின் நுனியில் தோலைக் கிள்ளிப் பின்பக்கமாக உரித்தால் வாழைப்பழத் தோல் மாதிரி முழுதாக வந்துவிடும். தோலுக்கு அடியில் இருக்கும் கரும்பச்சைச் சதையும் வீணாகாது. அடிக்க வேண்டாம், நோண்ட வேண்டாம், உள்ளங்கைக்கு நேரே கத்தியே வராது.

வெள்ளிக்கிழமை நான் இன்னொன்றும் செய்தேன். டெபி ஒரு பழத்தை முழுதாக முடித்துவிட்டுத்தான் அடுத்ததை எடுப்பாள். புஸ்வாணத்தை அப்படியா செய்வோம்? வரிசையாக அடுக்கி, எல்லாவற்றுக்கும் ஒரே வேலை, பிறகு எல்லாவற்றுக்கும் அடுத்த வேலை. நாற்பது பழத்தையும் அடுக்கினேன். நாற்பதையும் கீறினேன். நாற்பதையும் திருகினேன், தள்ளினேன், உரித்தேன், எலுமிச்சைச் சாறு தடவினேன். நிமிர்ந்தபோது டெபி கையைக் கட்டிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். பதினாறு நிமிடம். என்னைக் கட்டிப்பிடித்தாள். வேலை எனக்குத்தான். "ஹவ்?" என்றாள். பால்ராஜ் சொன்னதை எல்லாம் மறந்துவிட்டு, "ஐ ஒர்க் ஃபேக்டரி" என்றேன். "யெஸ்! லைக் எ ஃபேக்டரி!" என்று சிரித்தாள். சுவரில் இருந்த படத்தைக் கிழித்துவிட்டு என் முறையைத் தானே வரைந்து ஒட்டினாள். அடியில் ஆங்கிலத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று காபிப் பெண்ணிடம் கேட்டேன், சைகையும் சேர்த்து விளக்கினாள். உயிர்களைத் துன்புறுத்தாத இந்திய ஆன்மீக முறையாம்.

சரி, எதையாவது எழுதிக்கொள்ளட்டும், எனக்கு ஆக வேண்டியது ஆகிவிட்டது என்று இருந்தேன். பன்னிரண்டு மணி இடைவேளையில் எதிரே உள்ள டெலிபோன் கூண்டுக்கு ஓடினேன். ஊரில் அப்போது காலை ஏழரை. செல்வி கம்பெனி வேனுக்கு நின்றுகொண்டிருப்பாள். கார்டைத் தேய்த்து எண்ணை அழுத்தி, அவள் எடுத்ததும் சொன்னேன்: "ஏளா, வேல கெடச்சிருச்சு. இன்னியோட நின்னுக்க."

"சந்தோசம்க்கா" என்றாள். பிறகு, "நிக்கவெல்லாம் முடியாது. சீசன் ஓடுது. ஆர்டர் மலையாக் கெடக்கு" என்றாள்.

"கம்பெனிக்கு வேற ஆளா இல்ல? நான் அனுப்புதேன்னு சொன்னேன்ல."

"அனுப்புவ, சரி. நான் வீட்டுல உக்காந்து என்ன செய்ய? வீட்டுக்குள்ள கெடந்தா கிறுக்குப் புடிக்குதுன்னு போன மாசம் போன்ல அளுதது யாரு? எனக்கு மட்டும் புடிக்காதா?"

"அது வேற, இது வேற. இது மருந்து."

"ஒம்பது வருசம் நீ போகலையா? ஒன்னையப் போவாதன்னு யாருக்கா சொன்னா?" வேன் ஹாரன் கேட்டது. யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "வைக்கேன்க்கா. நல்லாச் சாப்புடு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் டெலிபோனை அதன் கொக்கியில் ஓங்கி அடித்தேன். கை தாராளமாக இறங்கியது.

இது நடந்து ஒரு வருடம் ஆகிறது. பணம் அனுப்புகிறேன். செல்வி வாங்கி வீட்டுக்குக் கூரை போட்டாள், தனக்கு ஒரு தையல் மெஷின் வாங்கினாள், வேனிலும் ஏறிப் போகிறாள். இங்கே மதியம் ஒரு மணி ஆகும்போது அங்கே எட்டரை. அவள் அறைக்குள் நுழைந்து உட்காரும் நேரம். மருந்து வேலை நடக்கிற அறையில், ஏதாவது ஆனால் ஓட வழி வேண்டும் என்று, எந்தக் கதவையும் நாங்கள் சாத்த மாட்டோம். ஒரு மணிக்கு நான் பழத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய்ச் சமையலறையின் பின்கதவைத் திறந்து வைக்கிறேன். ஆடி மாதக் குளிர் இங்கே எலும்பில் இறங்கும். "டோர், லவ்" என்கிறாள் டெபி. போய்ச் சாத்துகிறேன். அவள் அடுப்புப் பக்கம் திரும்பியதும் மறுபடியும் ஒரு ஆள் நுழையும் அளவுக்குத் திறந்து வைத்துவிட்டு, அதற்குப் பக்கத்தில் நின்றபடியே மிச்சப் பழத்தை உரிக்கிறேன்.