விழுப்புரத்தில் ஓலா, திண்டிவனத்தில் அடியோஸ்

ஸ்பானிஷ் வாத்தியார் வேலை என்றால், காலையில் விழுப்புரத்திலும் மாலையில் திண்டிவனத்திலும் ஒரே 'ஓலா'வை, அதாவது வணக்கத்தை, முப்பது வாய்களிலிருந்து பிடுங்கி எடுப்பது. நடுவில் பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்குவது. எதையாவது தொண்டை கட்டச் சொல்லிக்கொடுத்தவர்களுக்கு என் பாடு புரியும்.

வாயப்பயம்

கப்பலில் சமையல் வேலைக்குப் போகவிருந்த பாபு மாஸ்டர், 'என் பெயர்' என்பதற்கான 'மே யாமோ'வை ஒரு வாரமாக 'மே லாமோ' என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்பானிஷில் இரண்டு 'எல்' சேர்ந்து வந்தால் 'ய' என்று சொல்ல வேண்டும். போர்டில் எழுதினேன், கெஞ்சினேன். ஏழாம் நாள் சாக்பீஸை வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். அவருக்கே பாவமாக இருந்திருக்கும். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "வாழைப்பழம்னு எழுதிட்டு வாயப்பயம்னு சொல்றோமே, அந்த மாதிரியா சார்? இத மொதல்லயே சொல்லியிருந்தா ஜல்தியா முடிஞ்சிருக்குமே!"

அடியோஸ்

திண்டிவனம் வகுப்பில் விடைபெறும் பாடம். 'அடியோஸ்' என்றால் ஒரேயடியாகப் போகிற மாதிரி இருக்கும், நமக்கு 'ஆஸ்தா லுவேகோ'தான் சரி, 'போயிட்டு வர்றேன்' மாதிரி என்று பெருமையாக விளக்கினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஸ்பெயினில் வேலைக்கு முயற்சி செய்துகொண்டிருந்த நர்ஸ் கலைச்செல்வி மட்டும் நோட்டில் எழுதவில்லை. ஏனம்மா என்றேன். "டிஸ்சார்ஜ் ஆகிப் போறவங்கள 'போய்ட்டு வாங்க'ன்னு அனுப்ப மாட்டோம் சார். எனக்கு அடியோஸே இருக்கட்டும்."

கெடார் ஐயாவின் ஃபோன்

தணிகாசலம் ஐயா விழுப்புரம் பக்கம் கெடாரில் மல்லாட்டை (நிலக்கடலை) போடுகிறவர். மகள் ஸ்பெயினில் அந்த ஊர்க்காரரையே கல்யாணம் செய்துகொண்டவள். சம்பந்தியம்மாவிடம் நாலு வார்த்தை பேச வேண்டும் என்றுதான் அறுபது வயதில் என் வகுப்பில் சேர்ந்தார்.

மகளைப் பிரசவத்துக்குச் சேர்த்து இரண்டு நாளாகியும் தகவல் இல்லை. "வீட்ல இருந்தா பேஜாரா கீது சார்" என்று வகுப்பில் வந்து உட்கார்ந்திருந்தார். பாடத்தின் நடுவே ஃபோன் அடித்தது. சம்பந்தியம்மா. அழுதுகொண்டே ஏதோ கொட்டினார். ஐயா ஃபோனை என்னிடம் நீட்டினார். அந்தம்மாளின் வேகத்தில் எனக்கே பாதிதான் பிடிபட்டது. ஆபரேஷன், பெண் குழந்தை, இருவரும் நலம். சொன்னேன்.

ஐயா ஃபோனைத் திரும்ப வாங்கிக்கொண்டு எழுந்து நின்றார். புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருந்த வரிசைப்படியே, காலை வணக்கம், எப்படி இருக்கிறீர்கள், சந்தித்ததில் மகிழ்ச்சி, தயவுசெய்து, மன்னிக்கவும், நன்றி, நன்றி, நன்றி என்று தனக்குத் தெரிந்த ஸ்பானிஷ் மொத்தத்தையும் சொல்லி முடித்தார். அந்தப் பக்கம் அழுகையும் சிரிப்புமாகக் கேட்டது. ஃபோனை வைத்தவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்: "எதனா உட்டுட்டனா சார்?"

மொத்தத்தில், மூன்று மாதத்தில் மாணவர்களுக்குப் பேச வந்துவிடுகிறது, எனக்குத்தான் வீட்டில் "சாப்டீங்களா?" என்று கேட்டால்கூடத் தலையை ஆட்ட மட்டுமே தெம்பு மிஞ்சுகிறது.