அக்காவின் முகப்புப் படமும் நான் வாங்கிய விளக்குகளும்

இந்த நினைவு மலரின் முகப்புப் படத்தில் அக்காவின் வாய் இடப்பக்கம் சரிந்திருக்கிறது. இடக் கண் பாதி மூடியிருக்கிறது. அச்சுக்குப் போகுமுன் பார்த்த உறவினர் சிலர், வேறு நல்ல படம் கிடைக்கவில்லையா என்று கேட்டார்கள். கிடைத்திருக்கும். நன்றாக இருந்த காலத்திலேயே அக்கா என்னிடம் ஒரு படம் கேட்டார். நான் எடுத்துக் கொடுக்கவில்லை. ஒரு வருடத்துக்கு மேலாக விளக்கு வாங்கிக்கொண்டிருந்தேன்.

அக்கா யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் பிறந்தவர். அப்பா இறந்தபோது படிப்பை நிறுத்திவிட்டு, கொழும்பில் தட்டெழுத்து வேலைக்குப் போனார். நான் பொறியியலாளன் ஆனது அதனால்தான். இனக்கலவரத்துக்குப் பிறகு அத்தானோடு சிட்னிக்கு வந்து, ஓய்வுபெறும்வரை ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் நின்று வேலை செய்தார். என்னையும் ஸ்பொன்சர் பண்ணி இங்கே எடுத்தார். அத்தான் மறைந்த பின் சிட்னியின் லிட்கம் பகுதி வீட்டில் மகளோடு இருந்தார். இப்படியான மலர்களில் எல்லோரையும் பொறுமைசாலி என்று எழுதுவார்கள். அக்கா பொறுமைசாலி அல்ல. அவரைத்தான் நான் காக்கவைத்தேன்.

ஒருவரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் போய்த் திரும்பும்போது, அங்கு தந்த நினைவு மலரை அக்கா காரில் புரட்டிக்கொண்டு வந்தார்.

"பார் தம்பி, ஆரின்ரயோ கலியாணப் படத்திலை இருந்து முகத்தை வெட்டி எடுத்திருக்கினம். பக்கத்தாளின்ர தோளும் சேர்ந்து வந்திட்டுது. எனக்கு இப்பிடிச் செய்யாதை. நீதானே பெரிய கமெரா வச்சிருக்கிறாய், ஒழுங்கா ஒண்டு எடு."

"எடுப்பம் அக்கா. ஒரு லைற் மட்டும் வாங்கவேணும்."

ஒரேயொரு விளக்கு. முகத்துக்கு ஒரு பக்கமாக, சற்று உயரத்தில் வைத்தால் போதும் என்பதில் இணையத்தில் எழுதும் படப்பிடிப்பாளர்கள் எல்லோருக்கும் ஒரே கருத்து. எந்த விளக்கு என்று கேட்டால்தான் ஒருவன் சொல்வதை மற்றவன் மறுக்கிறான். தொடர்ந்து எரியும் எல்.ஈ.டி. விளக்கென்றால் நிழல் விழுவதை முன்கூட்டியே பார்க்கலாம் என்றார்கள். வாங்கினேன். அக்காவுக்குக் கண் கூசி நீர் வடிந்தது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பிளாஷ் வாங்கினேன். வெளிச்சத்தை மென்மையாக்கும் வெள்ளைக் குடையைப் பூட்டினால் அதன் வெளிச்சம் சுவரெல்லாம் சிதறியது. குடையைவிடத் துணியால் மூடிய பெட்டி, சொஃப்ட்பொக்ஸ், நல்லதாம். பெரிதாக இருந்தால் வெளிச்சம் இன்னும் மென்மையாம். ஆகப் பெரியதை வாங்கினேன். அது அக்காவின் முன்னறையில் நிமிர்ந்து நிற்கவில்லை. சின்னதை வாங்கினேன். அதைப் பூட்டும் வளையம் என் பிளாஷில் பொருந்தவில்லை. மலிவான தாங்கி வேறு ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே இருந்தது.

ஒவ்வொரு முறையும் அக்கா அரக்குச் சேலை உடுத்து, பொட்டு வைத்து, கதிரையில் வந்து அமர்ந்தார்.

"என்னடா, படம் எடுக்கிறியோ, கூடாரம் அடிக்கிறியோ?"

"பொறுங்கோ அக்கா, கம்பி ஒண்டு மாட்டுதில்லை."

அக்காவின் மகள், என் மருமகள், சமையலை விட்டுக் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "மாமா, யன்னலடியிலை இருத்திப்போட்டு ஃபோன்ல எடுங்கோவன். இட்ஸ் ஜஸ்ட் எ ஃபோட்டோ."

"உனக்கு உது விளங்காது," என்றேன்.

அவள் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். அக்காவுக்குச் செய்வதில் குறை இருக்கக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், வாங்குவதிலும் ஒப்பிடுவதிலும் எனக்கு ருசி பிடித்துவிட்டது. அக்கா காத்திருப்பார் என்று நினைத்தேன். என் படிப்பு முடியும்வரை காத்திருந்தவர்தானே.

சரியான வளையம் வந்து சேருமுன் அக்காவுக்குப் பாரிசவாதம் வந்து முகத்தின் இடப்பக்கம் சரிந்துவிட்டது.

அவர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பின், கையில் இருந்த பிளாஷையும் நான் வேண்டாமென்று ஒதுக்கிய வெள்ளைக் குடையையும் எடுத்துக்கொண்டு போனேன். சில நிமிடங்களில் எல்லாம் தயாராகிவிட்டன. இவ்வளவு எளிதாக முடிந்தது, என்மேலேயே எனக்கிருந்த எரிச்சலை இன்னும் கூட்டியது. விளக்கை அவருடைய வலப்பக்கம் நன்றாக ஒதுக்கி வைத்தேன். சுவரில் பட்ட வெளிச்சம் திரும்பி முகத்தில் விழாதபடி இடப்பக்கம் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டேன். சரிந்த பக்கம் முழுவதும் நிழலுக்குள் போய்விட்டது. என் பிழைக்குப் பரிகாரம் செய்துவிட்டதாக நினைத்து, கமெராவின் திரையில் படத்தைக் காட்டினேன்.

அக்காவின் பேச்சு குழறினாலும் விளங்கியது.

"மற்றப் பாதி எங்கை?"

"நிழலிலை இருக்கு அக்கா. வடிவா இருக்கெல்லே?"

"ஒளிச்சுக்கொண்டு நிக்கிற மாதிரி இருக்கு. லைற்றை முன்னுக்குக் கொண்டு வா."

"வேண்டாம் அம்மா," என்றாள் மருமகள். அக்கா அவள் பக்கம் திரும்பவில்லை. துணியைக் கழற்றி, விளக்கை முன்னால் நகர்த்தி, திரும்ப எடுத்தேன். அந்தப் படத்தைத்தான் மலரில் போடவேண்டும் என்று எங்கள் இருவரையும் ஒப்புக்கொள்ள வைத்த பின்புதான் கதிரையை விட்டு எழும்பச் சம்மதித்தார்.

அக்காவின் கடைசி மாதங்களில் வீடு தேடி வந்து பராமரித்த தாதிமாருக்கும், எங்களுக்குச் சமைக்க மனமில்லாத நாட்களில் சோறு கறி கொண்டுவந்து தந்த அயலவர்களுக்கும், மெல்பேர்னிலிருந்து வந்து கிரியைகளை முன்னின்று நடத்திய சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. என் மருமகளுக்கு நன்றியோடு ஒரு மன்னிப்பும் சொல்லவேண்டும். யன்னலடியில் எடுத்திருக்க வேண்டிய படம் அது.

அந்த முகப்புப் படத்தை எடுத்த அன்று, குடையை மடிக்கும்போது அக்காவிடம் கேட்டேன்.

"என்னிலை கோவமோ?"

"கோவம்தான்," என்றார். "படம் நல்லா வந்திருக்கு. அது வேற."

கண் மூடும்வரை இரண்டில் எதையும் அவர் மாற்றிச் சொல்லவில்லை.